அவரும் இதில்தான் வருகிறார்

பெட்டி எத்தனை என்று கேட்டாள் அந்தப் பெண். கவுண்ட்டருக்குப் பின்னால் நின்றாள், மலையாளத்துப் பெண்ணாக இருக்க வேண்டும், தமிழைக் கொஞ்சம் இழுத்துப் பேசினாள். நான் அவள் நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு விரலில் மட்டும் சிவப்புப் பூச்சு உரிந்திருந்தது. "சேச்சி, பெட்டி எத்தனை?" ஒன்று என்று சொல்ல வாயெடுத்தேன், இரண்டு என்று தோன்றியது. பக்கத்தில் நின்ற பாஸ்கரன்தான் பதில் சொன்னான். குவைத்தில் தமிழ்ச் சங்கத்து ஆள், இந்த மாதிரிக் காரியங்களுக்கெல்லாம் அலைகிறவன். "ஒண்ணுதாங்க. இன்னொண்ணு கார்கோல போயிருச்சு" என்று அவளிடம் சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினான். "அண்ணன் முன்னாடியே ஏறிட்டாங்கக்கா. நான் நின்னு பாத்துட்டுத்தான் வந்தேன்." இத்தனை நாளாக அவன் பாடி, பாடி என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தான். பாடி இன்னும் ரிலீஸ் ஆகலக்கா, பாடிக்குச் சட்டை ஏதாவது குடுங்கக்கா. இன்று காலையில் திடீரென்று அண்ணன் ஆகிவிட்டார். ஊருக்குப் போகிறதால் இருக்கும். ஊருக்குப் போகிறவருக்குப் பாடி என்று சொல்ல வரவில்லை போலிருக்கிறது. அந்தப் பெண் ஒரு நொடி கையை நிறுத்தினாள், என்னைப் பார்த்தாள், புரிந்துகொண்டாள், புரிந்ததைக் காட்டிக்கொள்ளாமல் கீபோர்டைத் தட்டினாள். நல்ல பெண். கொழும்பு வழியாகத் திருச்சி, கொழும்பில் இறங்கி வேறு விமானம் மாற வேண்டும், சாயங்காலம் போய்ச் சேரும் என்றாள். எனக்கு அழுகை வரும் என்று பாஸ்கரன் எதிர்பார்த்தான், கைக்குட்டையைக்கூட எடுத்து வைத்திருந்தான். வரவில்லை. பல் பிடுங்கும்போது ஊசி போடுவார்களே, கன்னம் நம்முடையது இல்லாத மாதிரி இருக்குமே, அப்படி உடம்பு முழுக்க இருந்தது.

விமானம் கிளம்பியதும் உள்ளங்காலில் ஒரு அதிர்வு வந்தது. எப்போதும் வருகிறதுதான், லீவுக்குப் போகும்போதெல்லாம் வந்திருக்கும், நான் கவனித்ததில்லை. இன்றைக்கு அந்த அதிர்வுக்கு அடியில் அவர் இருக்கிறார். என் காலுக்கு நேர்கீழாகவா, முன்பக்கமா, வால்பக்கமா, தெரியாது. சூட்கேஸ்களோடு இருப்பார். யாரோ கட்டிய போர்வை மூட்டை, யாரோ வாங்கிய டிவி, அதற்கு நடுவில் துரைக்கண்ணு. ஆள் உயரம். சீட்டில் உட்கார்ந்தால் முழங்கால் முன்சீட்டில் இடிக்கும். ஒவ்வொரு தடவையும் சொல்வார், ஆட்டை அடைச்ச மாதிரி அடைக்கிறானுங்க சுகந்தி, காலை நீட்டிப் படுத்துக்கிட்டு வர்ற மாதிரி ஒரு டிக்கெட் எடுக்கணும் ஒரு நாளைக்கு. இன்றைக்குத்தான் நீட்டிப் படுத்துக்கொண்டு வருகிறார். இப்படி நினைத்ததும் பயமாக இருந்தது, இப்படியெல்லாம் நினைக்கலாமா, பெண்டாட்டி நினைக்கிற நினைப்பா இது. ஆனால் மனசு அதுபாட்டுக்கு நினைக்கிறது. தண்ணீர் லாரி ஓட்டினார். பாலைவனத்து ரோட்டில், கேம்ப்களுக்குத் தண்ணீர். அன்றைக்கு நெஞ்சு வலித்திருக்கிறது, லாரியை ஓரமாக நிறுத்தியிருக்கிறார், பார்க்கிங் விளக்கைப் போட்டிருக்கிறார். போலீஸ்காரர் அதை இரண்டு தடவை சொன்னார், பாஸ்கரன் எனக்குத் தமிழில் சொன்னான்: விளக்கு எரிஞ்சுகிட்டே இருந்துச்சாம்க்கா, அதப் பாத்துட்டுத்தான் ஒருத்தர் நிறுத்திப் போய்ப் பார்த்திருக்காரு. அந்த வலியில் கை அந்த ஸ்விட்சுக்குப் போயிருக்கிறது. பின்னால் வருகிறவன் மோதிவிடக் கூடாது என்று. என் பேருக்கோ பிள்ளை பேருக்கோ போகாமல் ஸ்விட்சுக்குப் போயிருக்கிறது. காலையில் கிளம்பும்போது வாசலில் நின்று ஏதோ சொன்னார். நான் பாதித் தூக்கத்தில் ம் என்றேன். கேன் சொல்லிடு என்றாரா, கேஸ் சொல்லிடு என்றாரா. தண்ணீர் கேனா, கேஸ் சிலிண்டரா. இரண்டுமே தீரவில்லை, அன்றைக்கே பார்த்தேன், கேஸ் ஆட்டிப் பார்த்தால் பாதிக்கு மேல் இருக்கிறது, கேன் புதுசு. அப்படியானால் வேறு ஏதோ. கே என்று ஆரம்பிக்கிற வேறு என்ன. விட்டுவிடலாம் என்று பார்த்தால் விட முடியவில்லை, பல்லிடுக்கில் நார் மாட்டின மாதிரி நாக்கு அங்கேயே போகிறது.

"தஞ்சாவூர்ப் பக்கமா தங்கச்சி?" ஜன்னல் சீட்டில் இருந்தவர் கேட்டார். அறுபது இருக்கும், நரைத்த தாடி, தொப்பியை மடித்துச் சட்டைப்பையில் வைத்திருந்தார். என் இந்தப் பக்கம் ஒரு சிங்களப் பெண் ஏறினதுமே போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்கிவிட்டாள். ஒரத்தநாடு என்றேன். "அட! நமக்கு அதிராம்பட்டினம். பேரு சாகுல் ஹமீது. கம்பெனி மெஸ்ஸுல சமையல். போதும்னு முடிச்சுக்கிட்டுப் போறேன், இனி திரும்பறதா இல்ல." அவர் மகளுக்குக் கல்யாணம் முடிந்ததை, பேரனை இன்னும் பார்க்காததை, நானூறு பேருக்குச் சோறு வடித்து வடித்து வீட்டில் நாலு பேருக்கு அளவு தெரியாமல் போனதை எல்லாம் சொன்னார். கேட்க நன்றாக இருந்தது. ரேடியோ ஓடுகிற மாதிரி. பிறகு கேட்டார், "தனியாவா போறீங்க? வூட்டுக்காரரு வரலையா?" வர்றாரு என்றேன். "எப்ப வர்றாரு?" "இதுலதான்." பொய் இல்லை. என் வாயிலிருந்து வந்தபோது சாதாரணமாகத்தான் இருந்தது, உண்மையாகவும் இருந்தது. அவருக்கு முகம் மாறிவிட்டது. "இதே பிளைட்டுலயா? பின்ன எங்க உக்காந்திருக்காரு? தனித்தனியாப் போட்டுட்டானுவளா?" ஆமா என்றேன். "என்ன அநியாயம். புருசன் பொஞ்சாதியப் பிரிச்சா போடறது. ஏறுனதுமே சொல்லவேண்டியதுதானேம்மா. நான் அவரு சீட்டுக்குப் போயிர்றேன், அவரை இங்க வரச் சொல்லுங்க. சன்னல் சீட்டு, வேடிக்கை பாத்துக்கிட்டு வரட்டும்." வேண்டாம்ணே என்றேன். "வேணாமா? எனக்கு ஒண்ணும் இல்லம்மா, கூச்சப்படாதீங்க. பேரு என்ன?" சொல்லக் கூடாது என்று தெரிகிறது, சொல்லிவிட்டேன். துரைக்கண்ணு. "எப்புடி இருப்பாரு?" ஒசரமா இருப்பாரு. "என்ன சட்டை?" நீலச் சட்டை. பாஸ்கரனிடம் நான்தான் கொடுத்தேன், பொங்கலுக்கு எடுத்தது, ஒரு தடவைதான் போட்டார். சாகுல் அண்ணன் பெல்ட்டைக் கழற்றி, எங்கள் இரண்டு பேர் முழங்காலையும் தாண்டி வெளியே போய்விட்டார். முன்பக்கமாக நடந்தார். ஒவ்வொரு வரிசையிலும் குனிந்து பார்த்தார். "துரைக்கண்ணு தம்பி இருக்காரா? ஒரத்தநாட்டுத் துரைக்கண்ணு?" அந்தப் பேரை யாரோ சத்தமாகக் கூப்பிடுகிறார்கள், வானத்தில், நூறு பேருக்கு நடுவில். ஒருவன் காதிலிருந்து பாட்டு மெஷினைக் கழற்றி என்னவென்று பார்த்தான். எனக்கு ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, ஏதோ ஒரு வரிசையில் நீலச் சட்டை எழுந்து நிற்கும் என்று இருந்தது. எழுந்தால் நான் என்ன சொல்வேன், திட்டுவேன், இவ்வளவு நேரம் எங்க போய் உக்காந்திருந்தீங்க என்று. யாரும் எழவில்லை. அவர் திரும்பி வந்தார். "முன்னாடி இல்லம்மா. பின்னாடி பாத்துட்டு வரேன்." போயே விடுவார். வால் வரைக்கும் போய்க் கேட்பார், பாத்ரூம் கதவைத் தட்டுவார். நான் அவர் கையைப் பிடித்தேன். முன்பின் தெரியாத மனுஷன் கை, வெங்காய வாடை அடித்தது. "மேல இல்லண்ணே" என்றேன். "கீழ இருக்காரு."

"கீழயா? இதுல கீழ ஏதும்மா..." என்று ஆரம்பித்தவர் அப்படியே நின்றார். விமானப் பணிப்பெண் வந்து, உட்காருங்கள் என்று கை காட்டினாள். அவர் உட்காரவில்லை. உதடு மட்டும் அசைந்தது, அவர்கள் மரணச் செய்தி கேட்டால் சொல்கிற வார்த்தை, எங்கள் தெரு முனைப் பள்ளிவாசலில் கேட்டிருக்கிறேன். பிறகு உள்ளே வந்து உட்கார்ந்தார். நான் பேரைத் தேட விட்டதற்குக் கோபப்படுவார் என்று நினைத்தேன். ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் குனிந்து ஷூவைக் கழற்றினார். சாக்ஸையும் கழற்றினார். இரண்டு காலையும் தூக்கிச் சீட்டின் மேல் வைத்துச் சம்மணமிட்டு ஒடுங்கிக்கொண்டார். பெரிய உடம்பு, அந்தச் சின்னச் சீட்டில் அது முடிகிற காரியமில்லை, முழங்கால் என் கைப்பிடியில் இடித்தது, மன்னிச்சுக்கம்மா என்று இன்னும் இழுத்துக்கொண்டார். காலைக் கீழே வைக்கவே இல்லை. எதற்கு அப்படி என்று எனக்கு முதலில் தெரியவில்லை. தெரிந்தபோது நானும் செருப்பைக் கழற்றினேன். ஆனால் காலைத் தூக்கவில்லை. அந்த அதிர்வு எனக்கு வேண்டியிருந்தது. சாப்பாடு வந்தது. எனக்கு வந்ததை அவரே பிரித்து வைத்தார், அந்த அலுமினியத் தாள் சூட்டை ஊதி ஊதி எடுத்தார். "ரெண்டு வாயாவது சாப்புடு தங்கச்சி. ஊருல எறங்குனதும் ஆளுங்க உன்னைத் தாங்குவாங்க, நீதான் அவங்களைத் தாங்கணும்னு ஆயிரும். அப்ப தெம்பு வேணும்." நீங்க என்பது நீ ஆகியிருந்தது. சாப்பிட்டேன். உப்பு தெரியவில்லை, உறைப்பு தெரியவில்லை. "சோத்துல ஒண்ணுமே இல்ல" என்றேன். "ஆமா, வெந்து மட்டும் கெடக்கு" என்றார் சமையல்காரராக. அதற்கு நான் சிரித்துவிட்டேன். சிரித்தது எனக்கே கேட்டது. சிங்களப் பெண் போர்வைக்குள்ளிருந்து ஒரு கண்ணால் பார்த்துவிட்டுத் திரும்பப் படுத்தாள். மாமியாருக்கு இன்னும் சொல்லவில்லை. மகனுக்கு உடம்பு சரியில்லை, கூட்டிக்கொண்டு வருகிறாள் என்று சொல்லி வைத்திருக்கிறார்கள். ஒரு கல்யாண வீடு மாதிரி ஆட்கள் வந்து போவதைப் பார்த்துக்கொண்டு அந்த அம்மா என்ன நினைக்கும். மகள் அபிநயாவுக்குத் தெரியும். காலேஜிலிருந்து வந்துவிட்டாள். போனில் அழவில்லை, அம்மா நீ சாப்பிட்டியா என்று மட்டும் கேட்டாள், அது எனக்கு எங்கேயும் போய்த் தொடவில்லை, கேட்டது, அவ்வளவுதான். எனக்கு என்ன ஆகிவிட்டது. இப்படியே இருந்துவிட்டால். ஊரில் ஆயிரம் கண், அழாதவளை என்ன சொல்வார்கள், சொல்லட்டும், ஆனால் நிஜமாகவே ஒன்றும் இல்லையோ உள்ளே. இருபது வருஷத்துக்கு மேல் ஒரே தட்டு, ஒரே பாய், ஒரே ரூமில் சின்னச் சண்டை, அதற்கு ஒரு சொட்டுகூட இல்லையா.

கொழும்பில் சாகுல் அண்ணனுக்குப் பேரன் இருக்கிற சென்னைக்கு விமானம், எனக்குத் திருச்சி. அவர் வாசல் வரைக்கும் வந்து நின்றார், போகிற நேரம் ஆகிவிட்டது, மறுபடியும் நின்றார். "பேரு தெரியும்ல. துரைக்கண்ணு. தொழுவறப்ப சொல்லிக்கிறேன்" என்று சொல்லிவிட்டு வேகமாக நடந்தார், ஷூ நாடா கட்டாமல். அவர் போனதும்தான் பயம் வந்தது. ஆட்களை இறக்கிவிட்டார்கள், நடந்து வந்து வேறு வாசலில் உட்காரச் சொல்லிவிட்டார்கள். கீழே இருக்கிறவரை யார் மாற்றுவார்கள்? சூட்கேஸ்கள் தவறிப்போகிறதே, எத்தனை பேருக்குத் தவறிப்போயிருக்கிறது, போன வருஷம் எங்கள் மாடி வீட்டு அம்மாவின் பெட்டி வேறு ஊருக்குப் போய் இரண்டு வாரம் கழித்து வந்தது. அந்தப் பெட்டி மாதிரி இது எங்கேயாவது. கண்ணாடிச் சுவரில் முகத்தை ஒட்டி வைத்துக்கொண்டு பார்த்தேன். வெளியே வெயில், சின்னச் சின்ன வண்டிகள், கோர்த்துவிட்ட வண்டிகள், ஒன்றிலும் இல்லை. கண்ணாடி குளிர்ந்தது. இங்கேயே விட்டுவிட்டுப் போய்விட்டால் நான் ஊரில் போய் என்ன சொல்வேன், எங்கேம்மா அவன் என்று கிழவி கேட்டால். "என்ன அக்கா, சுகமில்லையோ?" பின்னால் ஒரு பெண் நின்றாள். துடைக்கிற வேலை, நீல உடுப்பு, கையில் துடைப்பம். என் வயசு இருக்கும், இல்லை, சின்னவளாகவும் இருக்கலாம். ஏத்துறாங்களான்னு பாக்குறேன் என்றேன். "இதில நிண்டா தெரியாது. சாமான் ஏத்துறது அங்கால பக்கம். என்ன சாமான் அக்கா?" சாமான் இல்ல, எங்க வீட்டுக்காரர் என்றேன். அவள் என் முகத்தையே பார்த்தாள். "செத்துப்போனாரோ?" இத்தனை நாளில் அந்த வார்த்தையை யாருமே சொல்லவில்லை. காலமாயிட்டார், தவறிட்டார், போய்ச் சேந்துட்டார், எக்ஸ்பயர்ட். இவள்தான் முதல். ஆமா என்றேன். "வாங்கோ" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள், கடைகளைத் தாண்டி, ஒரு திருப்பத்தைத் தாண்டி, ஆள் வராத ஒரு மூலைக்கு. அங்கே ஒரு குறுகலான கண்ணாடி. கீழே விமானத்தின் வயிறு திறந்து கிடந்தது. சரிவாக ஒரு பெல்ட் ஓடிக்கொண்டிருந்தது, அதில் பெட்டிகள் ஏறிப் போயின, பச்சை, கறுப்பு, கயிறு கட்டினது. நாங்கள் இரண்டு பேரும் பார்த்தோம். நெடுநேரம் கழித்து, சாக்குத்துணி போர்த்தித் தைத்த ஒரு நீளப் பெட்டியை நாலு பேர் வண்டியிலிருந்து எடுத்தார்கள். அவள் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு நேராக நின்றாள். அது மெதுவாக மேலே போய், இருட்டுக்குள் நுழைந்து, மறைகிற வரைக்கும் அப்படியே நின்றாள். "ஏத்திப்போட்டினம்" என்றாள். நான் தலையாட்டினேன். "எண்டாலும் அக்கா, உங்களுக்குப் பெட்டி வருது." எனக்குப் புரியவில்லை. "எங்கட இவரை சண்டை முடிஞ்ச நேரம் ஆமிக்காரர் கூட்டிக்கொண்டு போனவை. விசாரிச்சுப்போட்டு விடுறம் எண்டு. இண்டைக்கு வரைக்கும் எங்கயெண்டு தெரியாது. மகளுக்கு அப்ப ஆறு மாசம்." கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். குரலில் ஒன்றுமில்லை, மழை வருமாம் என்கிற மாதிரி. எனக்கும் இப்படித்தான் குரல் இருக்குமோ. அவள் பேர் கேட்டேன். வசந்தமலர் என்றாள். அவள் தோளைத் தொட்டேன், அவள் என் கையின் மேல் ஒரு நிமிஷம் கன்னத்தைச் சாய்த்துவிட்டு நிமிர்ந்தாள். "போய் ஏதும் குடியுங்கோ அக்கா. பிளேனுக்கு நேரமாகுது." துடைப்பத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். என்னைப் பார்த்து ஒருத்தி பொறாமைப்பட்டிருக்கிறாள். ஒரு சவப்பெட்டிக்காக. அதை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியவில்லை, கையில் கொடுத்துவிட்டுப் போன பொருள் மாதிரி இருந்தது, கீழே வைக்கவும் இடமில்லை.

திருச்சி விமானம் சின்னது, கொஞ்ச நேரம்தான். முன்சீட்டில் ஒரு புதுஜோடி, தாலிக்கயிற்றில் மஞ்சள் இன்னும் போகவில்லை, கொழும்புக்குச் சுற்றிப்பார்க்க வந்துவிட்டுத் திரும்புகிறார்கள். அந்தப் பெண் எழுந்து திரும்பி, "அக்கா, ஒரு போட்டோ எடுத்துத் தர்றீங்களா?" என்று போனை நீட்டினாள். வாங்கினேன். சின்னத் திரைக்குள் இரண்டு முகம் ஒட்டிக்கொண்டு சிரித்தது. அழுத்தினேன். அவள் பார்த்துவிட்டு, "அய்யோ, இவர் கண்ணை மூடிட்டாருக்கா. இன்னொண்ணு" என்றாள். மறுபடி எடுத்தேன். மறுபடியும் மூடிவிட்டான். அவள் அவனை இடித்தாள், "கண்ணைத் தொறந்து வைங்களேன், ஒரு நிமிசம்." மூன்றாவதில் முழித்துக்கொண்டிருந்தான், அவளுக்கு அது பிடித்திருந்தது. அங்கே குவைத் ஆஸ்பத்திரியில் அவர் கண் முழுக்க மூடவில்லை. ஒரு கோடு தெரிந்தது. நான் விரலால் தள்ளிவிட்டேன், மறுபடியும் அந்தக் கோடு. யாரோ வந்து துணியைப் போட்டுவிட்டார்கள். நன்றிக்கா என்றாள் அந்தப் பெண். நல்லாருங்க என்றேன். நிஜமாகத்தான் சொன்னேன், இப்படி ஒரு பாழும் கை எடுத்த போட்டோவாக இருக்கிறதே என்று பிறகுதான் நினைத்தேன், நினைத்துவிட்டு அந்த நினைப்பையும் தள்ளினேன். கீழே காவிரி தெரிகிறது என்று யாரோ சொன்னார்கள். காதில் அடைப்பு. தரையில் சக்கரம் மோதியபோது நான் இரண்டு உள்ளங்காலையும் தரையோடு அழுத்திக்கொண்டேன், யாரையோ பிடித்துக்கொள்கிற மாதிரி.

பயணிகள் வெளியே வருகிற வாசல் வேறு, கார்கோ வேறு. கொழுந்தனார் அன்பழகன் என்னைப் பார்த்ததும் குலுங்கிக் குலுங்கி அழுதார், நான் அவர் முதுகைத் தட்டிக்கொண்டிருந்தேன். வேனில் சுற்றிக்கொண்டு கார்கோ வாசலுக்குப் போனோம். டிரைவரும் அவரும் நானும்தான். ஆட்கள் எல்லாம் இன்னொரு காரில் வந்தார்கள், வழியில் டயர் பஞ்சராகி நிற்கிறார்கள். வெயில் தாழ்ந்திருந்தது. ஒரு ஷெட், ஒரு கேட். உள்ளேயிருந்து தள்ளுவண்டியில் வைத்துக் கேட் வரைக்கும் கொண்டுவந்தார்கள். தள்ளுவண்டி கேட்டைத் தாண்டி வராது, வேன் கேட்டுக்குள் போகாது, இதுதான் எங்களுக்கு உத்தரவு என்று சொல்லிவிட்டு அந்த ஆட்கள் அடுத்த சாமானுக்குப் போய்விட்டார்கள். சாக்குத்துணி மேல் கறுப்பு மையில் அவர் பேர். தப்பாக எழுதியிருந்தார்கள், ஒரு எழுத்து குறைவு. "ஆளுங்க வரட்டும் அண்ணி, அரை மணி நேரத்துல வந்துருவாங்க" என்றார் அன்பழகன். அரை மணி நேரம் இந்தக் கேட்டில், லாரிகள் போகிற வழியில், ஓரமாக. வேண்டாம் என்றேன். இப்பவே எடுக்கலாம். "மூணு பேர்கூட இல்லையே அண்ணி." பக்கத்தில் ஏதோ மோட்டார் சாமான் எடுக்க வந்து நின்றிருந்த ஒருவர், கட்டம்போட்ட சட்டைக்காரர், கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். வந்து தலைமாட்டுப் பக்கம் ஒரு மூலையைப் பிடித்தார். இன்னொரு மூலையில் அன்பழகன், கால்மாட்டில் டிரைவர். நாலாவது மூலை காலியாக இருந்தது. நான் போய் நின்றேன். "அண்ணி, நீங்க விடுங்க, பொம்பளைங்க தூக்கறது இல்ல." தெரியும் என்றேன். முந்தானையை இடுப்பில் சொருகினேன். கயிற்றுப் பிடிக்குள் கையை விட்டேன். "ஒண்ணு, ரெண்டு" என்றார் கட்டம்போட்ட சட்டைக்காரர். தூக்கினோம். கயிறு உள்ளங்கையை அறுத்தது, தோள்பட்டை பிய்த்துக்கொண்டு போகிற மாதிரி இழுத்தது, ஐயோ என்று வாய்விட்டுக் கத்திவிட்டேன். இவ்வளவு கனமா. இவ்வளவு கனமா இருப்பீங்களா. கண்ணிலிருந்து என்னென்னவோ கொட்டியது, துடைக்கக் கை இல்லை. "இறக்கிரலாமாம்மா?" என்று அந்த மனுஷன் கேட்டார். இறக்காதீங்க என்றேன். மூக்கிலும் வாயிலும் உப்புக் கரித்தது. "இறக்காதீங்க. நடங்க."